நின்னுபோன ரோபோ

சிரிங்க மேடம், பரவால்ல. அடக்கிக்கிட்டு உக்காந்திருக்க வேணாம். எங்க அக்காவும் சிரிச்சா, வக்கீலும் சிரிச்சாரு. ஒரு ரோபோவுக்காகவாடி புருஷன விட்டுட்டுப் போறேங்கிறன்னு அக்கா கேட்டா. ஆமா, ரோபோவுக்காகத்தான்னு சொன்னேன். பிரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவ மனசு விட்டுப் பேசணும்னு கோர்ட்ல சொன்னாங்க, வந்துட்டேன். பேசிடறேன். ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டு, விட்டுக்குடுத்துப் போங்கம்மான்னு மட்டும் சொல்லிடாதீங்க.

தண்ணியா? வேணாம் மேடம். அந்த மிஷின் போடற சத்தத்தக் கேட்டா அதுல மோட்டார் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க. எனக்கு எங்க போனாலும் இதே புத்திதான், எது தாங்கும் எது படுத்துக்கும்னு பாக்கிறது.

இல்ல, குழந்தை இல்ல. அந்தப் பேச்சுக்கு அப்புறமா வர்றேன்.

நான் ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் டீச்சர். அவரு பம்ப் செய்யற கம்பெனியில இன்ஜினியர். எங்க ஸ்கூல் பிள்ளைங்க ரோபோ டீமுக்கு நான் பொறுப்பு, ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற ஸ்கூல் டீமுக்கு அவரு பொறுப்பு. சம்பளமெல்லாம் கிடையாது, லீவு நாள்ல போய்ச் சொல்லிக் குடுக்கிறதுதான். கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படி. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதே ஒரு போட்டியிலதான். எங்க ஸ்பேனர் காணாமப் போச்சு, பக்கத்துல போய்க் கேட்டேன், அவரு தன்னோடத எடுத்துக் குடுத்தாரு. அடுத்த ஆட்டமே எங்களுக்கும் அவங்களுக்கும்தான். எதிர் டீமுக்கு ஸ்பேனர் குடுக்கிற மனுஷன்னு மனசுல அப்படியே உக்காந்துட்டாரு. எங்க அம்மாகிட்டகூட இந்தக் கதையச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

போட்டி எப்படின்னா, ஒரு பெரிய ஹால், நடுவுல மைதானம் மாதிரி ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் மூணு ரோபோ, அந்தப் பக்கம் மூணு ரோபோ. தரையில கிடக்கிற பந்த எடுத்துக் கூடையில போடணும். முதல்ல யாருக்கு யாரு கூட்டுன்னு குலுக்கல்ல வரும், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கடைசியில பட்டியல்ல மேல வந்த டீமுங்க தங்களுக்கு வேணுங்கிற கூட்டாளிங்கள அவங்களே கூப்பிட்டுக்கலாம், ஆளுக்கு ரெண்டு டீம். அந்த மூணு மூணு பேரா சேந்துதான் இறுதிச் சுத்து ஆடுவாங்க. இங்கதான் மேடம் எங்க பொழப்பே. யாரக் கூப்பிடறது? அதுக்குத்தான் ஸ்கவுட்டிங், மத்த டீம் ரோபோவெல்லாம் எப்படி ஆடுதுன்னு நோட்டம் பாக்கிறது.

வேவுன்னு நினைச்சுக்காதீங்க, எல்லாரும் பாக்க எல்லாரும் செய்யறதுதான். மேல கேலரியில எங்க பிள்ளைங்க உக்காருவாங்க, ஒரு ரோபோவுக்கு ஒரு ஆளு. மத்த அஞ்சும் குட்டிக்கரணம் போட்டாலும் திரும்பக் கூடாது. பந்து பின்னாடி கண்ணு போச்சுன்னா நீ வேடிக்கை பாக்க வந்தவ, ரோபோ மேலயே கண்ணு இருந்தா நீ ஸ்கவுட்டுன்னு சொல்லுவேன். பிள்ளைங்களுக்கு முதல்ல இது புரியாது. ஒரு ஆட்டத்துல இருபது பந்து போட்ட ரோபோவப் பாத்துட்டு மிஸ் மிஸ்னு குதிப்பாங்க. அடுத்த ஆட்டத்துல அது எங்க கிடந்துச்சு பாத்தியான்னு கேப்பேன். மூலையில சக்கரம் கழண்டு கிடந்திருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஆறோ ஏழோ போட்டுட்டு, கடைசி மணி அடிக்கும்போது ஓடிக்கிட்டிருக்கு பாருங்க, அதுதான் நம்பி இறங்கக்கூடிய ரோபோ. பவுசு முக்கியமில்ல, நம்பிக்கைதான் முக்கியம்.

இப்ப நீங்க தலையாட்டறீங்க. இது குடும்பத்துக்கும் பொருந்தும்னு தோணுதில்ல? எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணிக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் பிட்டுன்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு டீமுக்கும் குடுத்திருக்கிற ரிப்பேர் கடை மாதிரி இடம். அங்க போய் உங்க ரோபோ எப்படின்னு கேட்டா, கேட்டவன் காதுல பூ சுத்தியே அனுப்புவாங்க. எல்லா ரோபோவும் ஏணி ஏறும், எல்லா ரோபோவும் கண்ண மூடிக்கிட்டுக் கூடையில போடும். அதனால எங்க டீம்ல ஒரு பழக்கம் வச்சிருக்கேன். வாய் சொன்னது தனி, கண்ணு பாத்தது தனி. ஒரு டீம் ஒரே ஒரு தடவ பொய் சொல்லி மாட்டிக்கிச்சுன்னா, அவங்க அதுவரைக்கும் சொன்ன எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல் ஆட்டத்துலருந்து திரும்பப் பாக்கணும். சொன்னதுல எது நிஜம், எது டூப்புன்னு நமக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?

வீட்டுக்குள்ள வேற சட்டம். சாப்பாட்டு மேஜையில ரோபோ பேச்சு கிடையாது. அது நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டது. போட்டி வாரம் வந்தா எங்க வீடு அமைதியா இருக்கும் பாருங்க, ரசத்துல உப்பு கம்மி, கரண்டு பில்லு கட்டியாச்சா, இதுதான் பேச்சு. அவரு பிட்டு பக்கம் நான் போமாட்டேன், என் பிட்டு பக்கம் அவரு வரமாட்டாரு. இத்தன வருஷம் அத ரெண்டு பேருமே மீறல. எனக்கு அதுல ஒரு பெருமகூட உண்டு.

இந்தத் தடவ ரெண்டு நாளு போட்டி, முதல் நாளு அவரு டீம் ரோபோ நின்னுடுச்சு. காலையில பிரமாதமா ஓடிச்சு, அப்புறம் ஒரு ஆட்டத்துல நட்ட நடு மைதானத்துல கல்லு மாதிரி நின்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவ. நான் மேலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். அவரு கண்ணாடியக் கழட்டி, சட்டை நுனியால துடைச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. எதிர் டீமுதான், ஆனாலும் ஓடிப்போய்த் தோளத் தொடணும்போல இருந்துச்சு. சட்டம் சட்டம்னு பேசாம உக்காந்துக்கிட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா மேஜையில உக்காந்திருக்காரு. தட்டுல போட்டது போட்டபடி இருக்கு. நான் ஒண்ணும் கேக்கல மேடம். அவராத்தான் ஆரம்பிச்சாரு. பேட்டரி கனெக்டர் விட்டுவிட்டுப் போகுது, மாட்டினா ஓடுது, ஒரு இடி பட்டா மொத்தமும் செத்துப்போகுது, என்ன பண்ணியும் சரியாகல, பிள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியலன்னாரு. கண்ணாடியக் கழட்டினாரு, துடைச்சாரு. விடு, நம்ம கையில என்ன இருக்குன்னாரு. எங்க சட்டத்த அவரே மீறிட்டாரே, அவ்வளவு உடைஞ்சு போயிருக்காரேன்னு எனக்குத் தாங்கல. பக்கத்துல போய் உக்காந்து சாப்பாட்டப் பிசைஞ்சு குடுத்தேன். ஆமா மேடம், கையாலதான். இத்தன வயசுக்கு மேல.

அதோட விட்டேனா? காலையில எங்க டீம் பெட்டியிலருந்து ஒரு பாக்கெட் கிளிப் எடுத்துக் குடுத்தேன். பேட்டரி கனெக்டர் மேல போட்டா எவ்வளவு இடிச்சாலும் கழலாது, எங்க பிள்ளைங்க ராப்பகலா மண்டைய உடைச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சது. பாக்கெட் மேல எங்க டீம் ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிக்கிட்டாரு. என் தலையில கை வச்சு, நீ இருக்கியே எனக்குன்னாரு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க டீம்ல ஒரு பொண்ணு, குருவின்னு கூப்பிடுவோம், கொஞ்சமாத்தான் பேசும். முதல் நாளு கேலரியிலருந்து அவரு டீம் ரோபோவப் பாத்தது அவதான். ரெண்டாவது நாளு காலையில யாரக் கூப்பிடறதுன்னு உக்காந்து பேசறோம், குருவி சொல்றா, மிஸ், அந்த ரோபோவ விடக் கூடாது மிஸ், ஓடும்போது அதுமாதிரி ஓடறது இங்க நாலஞ்சுதான் இருக்குங்கிறா. நின்னுபோகுதேன்னு மத்த பிள்ளைங்க. அதுக்கு அவ, நின்னுச்சு, ஆனா விளக்கு மின்னிக்கிட்டே இருந்துச்சு மிஸ்னா.

எல்லா ரோபோ தலையிலயும் ஒரு ஆரஞ்சு விளக்கு இருக்கணும், அது விதி. ரோபோ உயிரோட இருந்தா மின்னும். பேட்டரி விட்டுப்போனா அணைஞ்சிடும். இதுக்கு ஃபிசிக்ஸ் டீச்சர் வேணுமா மேடம்? பேட்டரியே கழண்டுபோன ரோபோவுல விளக்கு எப்படி எரியும்? சின்னப் பிள்ளைங்க பாடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு வீட்டுலருந்தே தகவல் இருக்கு, அந்த ரோபோ தேறாது, லிஸ்ட்லருந்து அடிச்சுடுன்னேன். குருவி என்னைப் பாத்தா. பேனாவ எடுத்து அடிச்சுட்டா. நான் சொன்னா அப்படித்தான் கேப்பாங்க, அப்படி வளத்து வச்சிருக்கேன். கண்ணு பாத்தத நம்பு நம்புன்னு வருஷம் பூரா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, நான் மட்டும் வாயி சொன்னத நம்பினேன். ஏன்னா அது என் வீட்டு வாயி.

கூப்பிடற முறையக் கேளுங்க, அப்பதான் உங்களுக்குப் புரியும். முதல் சுத்துல முதலிடத்துல இருக்கிற டீம் முதல்ல கூப்பிடும், அப்படியே வரிசையா கீழ வரும். ரெண்டாவது சுத்து தலைகீழ், கீழருந்து மேல போகும். அப்ப முதலிடத்து டீமோட ரெண்டாவது ஆளு எல்லாருக்கும் கடைசியில. மத்தவங்க கழிச்சுக் கட்டினதுலருந்துதான் பொறுக்கணும். நாங்க நடுவுல இருந்தோம், ரெண்டு சுத்துலயும் எங்க முறை வரும்போது அவரு ரோபோ சும்மாதான் இருந்துச்சு. நாங்க கூப்பிடல. யாருமே கூப்பிடல, மூணு தடவ நின்ன ரோபோவ யாரு தொடுவா? கடைசியில முதலிடத்து டீம் கூப்பிட்டுச்சு. கழிசல்ல கை விட்டு எடுத்தமாதிரி. அந்த டீம் பொறுப்பாளர் எங்க வீட்டுக்காரரோட காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவரு. அவரு எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டவருதான்.

அப்புறம் என்ன, இறுதி ஆட்டத்துல எங்களுக்கு எதிர்ல அவங்கதான். அந்த ரோபோ நிக்கவே இல்ல மேடம். நாங்க இடிச்சோம், தள்ளினோம், ஒண்ணும் ஆகல. அது பாட்டுக்குப் பந்தப் பொறுக்கிப் பொறுக்கிக் கூடையில போட்டுக்கிட்டே இருந்துச்சு. தோத்துட்டோம். என் பிள்ளைங்க கேலரியில வரிசையா உக்காந்து அழுதாங்க, குருவி மட்டும் அழல. என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அந்தப் பார்வை இன்னும் முதுகுல ஒட்டிக்கிட்டிருக்கு.

எனக்கு அப்பக்கூட உறைக்கலைங்கிறதுதான் கூத்து. எங்க கிளிப்புதான் தாங்கிடுச்சுன்னு நினைச்சேன். தோத்தாலும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அவருக்குக் கை குடுக்கலாம்னு முதல் தடவையா அவங்க பிட்டுக்குப் போனேன். அவரு கப்போட போட்டோவுக்குப் போயிருந்தாரு. டூல் பாக்ஸ் திறந்து கிடந்துச்சு. மேல் தட்டுல எங்க ஸ்டிக்கர் போட்ட பாக்கெட். பிரிக்கவே இல்ல. ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு.

நான் அத எடுக்கல. தொடக்கூட இல்ல.

கார்ல வரும்போது கேட்டேன். மறைக்கல, அவரு அந்த வகையில நல்லவரு. அது வியூகம், விதியில எங்கயும் தப்புன்னு எழுதல, மோசமா காட்டினாத்தான் கடைசிவரைக்கும் யாரும் தொடமாட்டாங்க, என் கூடப் படிச்சவன் கூட்டணிக்குப் போய்ச் சேரலாம், என் பிள்ளைங்க இத்தன வருஷத்துல ஒரு கப்பு பாத்ததில்லன்னாரு. உங்கிட்ட நிஜத்தச் சொல்லியிருந்தா நீ உன் பிள்ளைங்ககிட்ட மறைக்கணும், அந்தச் சங்கடம் உனக்கு வேணாம்னு பாத்தேன்னாரு. சொல்லாம இருக்கிறது வேற, சோத்து முன்னாடி உக்காந்து நடிக்கிறது வேறன்னேன். விளையாட்ட விளையாட்டாப் பாரு, வீடு வேற போட்டி வேறன்னாரு. அத எங்கிட்ட சொல்றாரு மேடம், அந்தச் சட்டத்தக் காப்பாத்தினவகிட்ட.

ஆமா, நீங்க சொல்றது சரி, இதுக்கெல்லாம் யாரும் பிரிய மாட்டாங்க. நானும் பிரியறதா நினைக்கல. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாருன்னு ஆத்திரம் இருந்துச்சு, கொஞ்ச நாளு முகம் குடுத்துப் பேசல. சமைச்சு வச்சுட்டு ரூமுக்குப் போயிடுவேன். பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன், குருவிகிட்டத் தனியா கேட்டேன். அவ பரவால்ல மிஸ்னு சொல்லிட்டு, அப்ப நம்ம பழக்கப்படி முதல் ஆட்டத்துலருந்து திரும்பப் பாக்கணுமில்லன்னு கேட்டா. பாக்கணும்தான். சொல்லிக் குடுத்தவளே பாக்காம இருக்கலாமா?

வீடியோ இருக்கு, எல்லா ஆட்டத்துக்கும் உண்டு. ஸ்டாஃப் ரூம்ல தனியா உக்காந்து, அந்த ரோபோ நின்ன மூணு ஆட்டத்தையும் மெதுவா ஓட்டிப் பாத்தேன். விளக்கு மின்னுது, குருவி சொன்னது சரிதான். ரோபோவ ஓட்டற பிள்ளை திரும்பி அவரப் பாக்குது. அவரு கண்ணாடியக் கழட்டறாரு. ரோபோ நிக்குது. நான் ஹால்ல உக்காந்து பாத்தப்ப, ரோபோ நின்னுச்சு, மனுஷன் நொந்துபோய்க் கண்ணாடியக் கழட்டினாருன்னு நினைச்சேன். ஓட்டிப் பாத்தா அப்படி இல்ல. கண்ணாடிதான் முதல்ல, நிக்கறது அதுக்கப்புறம். மூணு தடவையும் அதே வரிசை. அது சைகை மேடம். நிறுத்துங்கறதுக்கு அவரு வச்சிருந்த சைகை. கழட்டினாரு, நிறுத்தினாங்க, அப்புறம் பாக்கிறவங்களுக்காகத் துடைச்சாரு.

டிஷ்யூ வேணாம், நான் அழல. அத இந்தப் பக்கம் தள்ளாதீங்க.

குழந்தை பத்திக் கேட்டீங்கள்ல. ஒரு பொண்ணு பொறந்தா எங்களுக்கு. பொறந்தா, அவ்வளவுதான், அழுகைச் சத்தமே வரல. என்னை ஆபரேஷன் ரூம்லருந்து வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வச்சிருந்தாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல, நர்ஸு என் முகத்தையே பாக்கல. அப்ப அவரு உள்ள வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னு கண்ணாடியக் கழட்டினாரு. சட்டை நுனியால துடைச்சாரு. விடும்மா, நம்ம கையில என்ன இருக்குன்னாரு. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு அவரத் தேத்தினது நான்தான் மேடம். வயித்துத் தையலோட எந்திரிச்சு உக்காந்து, அவரு தலைய மடியில வச்சுக்கிட்டேன். எனக்கு எவ்வளவு வலியோ அவருக்கும் அவ்வளவு வலின்னு நினைச்சுத்தான் அந்த வருஷத்தத் தாண்டி வந்தேன். அதுக்கப்புறம் அவளப் பத்தி நாங்க பேசினதே இல்ல. பேசவேண்டியதில்ல, அந்தக் கண்ணாடியிலயே எல்லாம் இருக்குன்னு விட்டுட்டேன்.

இப்ப எனக்குத் தெரியணும். அன்னைக்கு அவருக்கு அழுகை வந்து கண்ணாடியக் கழட்டினாரா, இல்ல இங்க அழுதாகணும்னு கழட்டினாரா? ரோபோன்னா வீடியோ போட்டுப் பாத்துடலாம். அந்த வார்டுக்கு எங்க போறது நான்? எனக்கு ஞாபகம் இருக்கிறது எல்லாம் அவரு சொன்னதும் செஞ்சதும்தான். அவரு சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டா என் பொண்ணப் பத்தி எங்கிட்ட மிச்சம் ஒண்ணுமே இல்ல.

வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காரு, வரும்போது பாத்தேன். நல்ல மனுஷன்தான், உங்ககிட்டயும் நல்லாப் பேசுவாரு. நீங்க உள்ள கூப்பிடுங்க, நான் இப்படி ஜன்னல் பக்கம் நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காந்துக்கிறேன். உயிரில்லாத பொண்ண ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டு வந்த நாளப் பத்திக் கேளுங்க. கேட்டுட்டு வேற எங்கயும் பாக்காதீங்க மேடம், அவரையே பாருங்க. அழுகையா கண்ணாடியா, எது முதல்ல வருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க.